தினம் ஒரு சொல் தாருங்கள், பழைய சொல்லையும் மறுகா தாருங்கள்

மதிப்புக்குரிய பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பத்திரிகையில் கடந்த தை மாதம் முதல் ஆங்கிலச் சொல் பகுதி திரும்பவும் வருகிறது. 2022ஆம் ஆண்டு காகிதத் தட்டுப்பாட்டில் பக்கங்களைக் குறைத்தபோது நின்றுபோன பகுதி அது. நாளுக்கு ஒரு சொல், பக்கத்தில் அதன் தமிழ்க் கருத்து, அவ்வளவுதான். இரண்டு விரற்கடை இடம். அது திரும்பி வந்ததில் எனக்கு உண்டான சந்தோசத்தைச் சொல்லவும், அதை நடத்துகிறவர்களிடம் சில காரியங்கள் கேட்கவும்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். இடம் போதாமல் வெட்ட வேண்டி வந்தாலும், கேட்டிருக்கும் காரியங்களை மட்டும் வெட்டாமல் போடுங்கள்.

நான் களுதாவளையில் தையல் கடை வைத்திருக்கிறேன். கல்முனை வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில், வீட்டு விறாந்தையிலேயே கடை. வயது 51. 1990ஆம் ஆண்டு ஆனி மாதம் சண்டை திரும்பத் தொடங்கியபோது நான் பத்தாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தை மூடினார்கள். மறுகா திறந்தபோது நான் போகும் நிலைமை வீட்டில் இல்லை. சாதாரண தரப் பரீட்சை எழுதவில்லை. அன்றைக்கு எனக்குத் தெரிந்த ஆங்கிலம் எழுத்துக் கூட்டி வாசிப்பதும், பெயர் எழுதுவதும், பாடமாக்கிய இரண்டொரு பாட்டும்தான்.

2015இல் உங்கள் பகுதியை வெட்டி ஒட்டத் தொடங்கினேன். தையல்காரர் வீட்டில் கத்தரிக்கோல் இரண்டு இருக்கும். துணி வெட்டும் கத்தரிக்கோலால் காகிதம் வெட்டினால் வாய் மழுங்கிவிடும், அப்புறம் பட்டுத் துணியில் வைத்தால் நூலை இழுக்கும். அதனால் பிடி உடைந்த பழைய கத்தரிக்கோல் ஒன்று காகிதத்துக்கென்றே இருக்கிறது. பின்னேரம் தேநீர் குடித்த கையோடு அதை எடுத்து, அன்றைய சொல்லை வெட்டி, மகளின் பழைய கொப்பியில் ஒட்டுவேன். மகள் அப்போது ஏழாம் வகுப்பு. இரண்டு பேரும் சேர்ந்து சத்தமாக வாசிப்போம். இரண்டு வருடத்தில் நானூறு சொல்லுக்கு மேல் சேர்ந்துவிட்டது. ஒட்டின காகிதத்தில் கொப்பி ஊதிப்போய் மூடாது. மேலே இஸ்திரிப்பெட்டியை வைத்துத்தான் அமர்த்துவேன்.

அந்தக் கொப்பி கையில் இருக்கும்போதே எனக்கு ஒரு காரியம் நடந்தது. அதைச் சொன்னால்தான் நான் கேட்பது ஏன் என்று விளங்கும்.

2017ஆம் ஆண்டு பக்கத்து வீட்டுத் தங்கச்சி ஒருத்தி இடியப்பம் அவித்து விற்க ஒரு கம்பனியில் அறுபதாயிரம் ரூபாய் கடன் எடுத்தாள். கிழமைக்குக் கிழமை வந்து வசூலிக்கும் கடன். கடன் கொடுக்க வந்த தம்பி என்னிடமும் ஒரு படிவத்தை நீட்டி, “அக்கா, சாட்சிக்கு இதில ஒரு கையெழுத்து வையுங்க” என்றார். படிவம் முழுக்க ஆங்கிலம். தையல் மெசினை நிற்பாட்டிவிட்டு, அவர் விரல் வைத்த மூன்று இடத்திலும் கையெழுத்து வைத்தேன். கோட்டுக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு சொல் இருந்தது. எழுத்துக் கூட்டி வாசித்தேன், ‘கரண்டர்’ என்று வந்தது. சாட்சி என்பதற்கு ஆங்கிலம் அதுதான் போல என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டு மாதம் கழித்து அந்தப் பிள்ளை வீட்டு வேலைக்கு வெளிநாடு போனாள். அவளுக்கு வேறு வழி இல்லை, அவளில் எனக்கு இன்றைக்கும் கோபம் இல்லை. அடுத்த கிழமை கம்பனி ஆட்கள் என் விறாந்தையில் வந்து நின்றார்கள். அந்தச் சொல்லின் கருத்து பிணையாள் என்று அன்றைக்குத்தான் அறிந்தேன். பிணை நின்றவள் கட்ட வேண்டும். மீதி 34,500 ரூபாய். கிழமைக்கு 750 ரூபாய் வீதம் 46 கிழமை கட்டினேன். அந்த நேரம் சேலைச் சட்டை ஒன்று தைக்கக் கூலி 350 ரூபாய். கிட்டத்தட்ட நூறு சட்டை தைத்த கூலி ஒரு சொல்லுக்குப் போனது.

அன்றிரவு கொப்பியை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினேன். அந்தச் சொல் இல்லை. ‘மெக்னானிமஸ்’ இருந்தது, ‘எஃபெமரல்’ இருந்தது, ‘செரண்டிபிட்டி’ இருந்தது. செரண்டிபிட்டியை நான் குறை சொல்ல மாட்டேன், அது எனக்குப் பிடித்த சொல். தேடாமலே நல்லது ஒன்று கையில் அகப்படுவதைச் சொல்வது அது. எங்கள் தீவின் பழைய பெயர்களில் ஒன்றான செரண்டிப்பிலிருந்து, அந்த நாட்டு இளவரசர்களைப் பற்றிய பழங்கதையை நினைத்து, ஹொரஸ் வோல்போல் என்ற ஆங்கிலேயர் 1754ஆம் ஆண்டு ஒரு கடிதத்தில் உருவாக்கிய சொல். நம்முடைய நாட்டின் பெயர் ஆங்கில அகராதிக்குள் இப்படி உட்கார்ந்திருப்பதை அறிந்த அன்று மகளும் நானும் நெடுநேரம் அதையே கதைத்துக்கொண்டிருந்தோம். அப்படியான சொற்களும் வரட்டும். ஆனால் ஆங்கிலம் எங்கள் வாசலுக்கு வருவது படிவமாக, பில்லாக, மருந்துச் சிட்டையாக, தொலைபேசியில் வங்கி அனுப்பும் குறுஞ்செய்தியாக. அந்தச் சொற்கள் முதலில் வரட்டும்.

இதில் எனக்கு இன்னும் ஆறாதது ஒன்று இருக்கிறது. ‘கரண்டி’ என்ற சொல்லை நான் எத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டு இருக்கிறேன்! மெசினுக்கு இரண்டு வருடக் கரண்டி, மோட்டருக்கு ஆறு மாதக் கரண்டி என்று கடையில் கேட்டு, அதற்கான அட்டையை வாங்கி லாச்சிக்குள் வைத்திருக்கிறேன். பழுது வந்தால் பொறுப்பு என்று கடைக்காரர் தரும் வாக்கு கரண்டி. அப்படிப் பொறுப்பு நிற்கும் ஆள் கரண்டர். ஒரே வேர். ‘இந்தச் சொல் உங்களுக்குத் தெரிந்த அந்தச் சொல்லின் உறவு’ என்று யாராவது ஒரு வரி எழுதியிருந்தால் நான் பேனையை வைத்திருப்பேன்.

அதனால் முதலாவது வேண்டுகோள்: ஒரு சொல்லைத் தனியாகத் தராமல் அதன் குடும்பத்தோடு தாருங்கள். தமிழில் ‘நடி’ தெரிந்தவருக்கு நடிகரும் நடிப்பும் தானாக வருவதுபோல் ஆங்கிலத்திலும் வரும். வேலை கொடுப்பவர் ‘எம்ப்ளோயர்’, வேலை செய்பவர் ‘எம்ப்ளோயீ’. கடைசி ஓசை ஒன்றுதான் வித்தியாசம், ஆனால் வெளிநாடு போகும் பிள்ளைகள் கையெழுத்து வைக்கும் ஒப்பந்தத்தில் அந்த ஓசைக்குள்தான் யார் என்ன செய்ய வேண்டும் என்பது இருக்கிறது. அந்த முடிவைப் பழகினால், காசோலையில் பெயர் எழுதும் இடத்தில் இருக்கும் ‘பேயீ’ என்ற சொல் காசைப் பெறுபவரைச் சொல்கிறது என்பதும் விளங்கிவிடும். இப்படித் தந்தால் ஒரு நாளில் மூன்று சொல் கிடைக்கும், பாரமும் தெரியாது.

அடுத்தது கருத்து. உங்கள் பகுதியில் ‘இன்ரறெஸ்ட்’ என்ற சொல்லுக்கு ‘ஆர்வம்’ என்று மட்டும் போட்டிருந்தீர்கள். பிழை இல்லை. ஆனால் வங்கிக் கடிதத்தில் அதே சொல் வட்டியைக் குறிக்கும். ‘பிரின்சிபல்’ என்றால் எங்கள் ஊரில் பள்ளிக்கூட அதிபர் என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். கடன் பத்திரத்தில் அதே ஓசையில் வருவது முதல், அதாவது வட்டி சேராத காசு. ‘டேர்ம்’ என்றால் பள்ளித் தவணையும் உண்டு, ஒப்பந்தத்தின் நிபந்தனையும் உண்டு. (தமிழிலும் தவணை என்ற சொல் பள்ளிக்கும் கடனுக்கும் பொதுவாகத்தானே நிற்கிறது.) எங்கள் அயலில் ஒரு அம்மாவை ‘ஃபாஸ்டிங் பிளட்’ சோதனைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ‘ஃபாஸ்ட்’ என்றால் வேகம் என்று அவர் பேத்தி படித்திருந்தாள், கெதியாகச் செய்து முடிக்கும் சோதனை என்று கருத்துச் சொன்னாள். அம்மா இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுவிட்டு, முதல் பஸ் பிடித்துப் போனார். அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்தச் சொல்லுக்கு விரதம் என்றும் ஒரு கருத்து இருக்கிறது. காத்தான்குடியிலிருந்து என்னிடம் தைக்க வரும் தங்கச்சி ஒருத்தி நோன்பு நேரத்தில் அந்தச் சொல்லைத்தான் ஆங்கிலத்தில் சொல்வாள், அவளிடமிருந்துதான் நான் அதை அறிந்தேன். பேத்தி படித்ததும் சரி, சோதனைக்கு வரச் சொன்னவர்கள் சொன்னதும் சரி. சொல்லை ஒரு வசனத்துக்குள் வைத்துக் காட்டாததுதான் குறை. ஒரு வசனம் போடுங்கள். ‘நாளைக்குக் காலையில் வெறும் வயிற்றோடு இரத்தம் கொடுக்க வேண்டும்’ என்பதுபோல வீட்டில் கதைக்கும் வசனமாக இருந்தால் அது மறக்காது.

எத்தனை சொல் தெரிந்தால் போதும் என்று ஒருமுறை மகளிடம் கேட்டேன். அவள் இப்போது ஆசிரியர் பயிற்சிக்குப் படிக்கிறாள். மைக்கேல் வெஸ்ட் என்று ஒரு ஆங்கிலேயர், டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி அதிபராக இருந்தவர், வங்காளப் பிள்ளைகள் ஆங்கிலம் வாசிக்கப் படும் பாட்டைப் பார்த்து, அடிக்கடி வரும் சொற்கள் எவை என்று தேடித் திரட்டினாராம். 1953இல் வெளியான அவருடைய பட்டியலில் ஏறக்குறைய 2,000 சொற்கள். அந்த இரண்டாயிரம் தெரிந்தால், சாதாரணமாக எழுதின பக்கம் ஒன்றில் வரும் சொற்களில் பத்துக்கு எட்டுத் தெரிந்தமாதிரி என்றாள் மகள். நாளுக்கு ஒன்றென்று வருடத்துக்கு 365. இரண்டாயிரத்தை முடிக்க ஐந்தரை வருடம். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், பயமாக இருக்கவில்லை. ஐந்தரை வருடத்தில் ஒரு தென்னம்பிள்ளை காய்க்கத் தொடங்கிவிடும். ஆனால் அந்த ஐந்தரை வருடமும் அடிக்கடி வரும் சொற்களாகப் பார்த்துத் தந்தால்தான் இந்தக் கணக்குச் சரிவரும். அபூர்வமான சொற்களாகவே தந்தால் கொப்பி நிறையும், மின்சாரப் பில் மட்டும் வாசிக்க வராது.

சரி, இனி மறதியைப் பற்றி. இதுதான் நான் முக்கியமாக எழுத வந்தது.

கொப்பியில் நானூறு சொல் இருந்தாலும், மூடிவைத்துக் கேட்டால் எனக்கு அறுபது எழுபதுகூட வரவில்லை. பத்தாம் வகுப்போடு நின்றதால் மூளை துருப்பிடித்துவிட்டது என்று மனவருத்தப்பட்டேன். எல்லாருக்கும் அப்படித்தான் என்று மகள் சொன்னாள். ஹேர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜேர்மன் ஆய்வாளர் கருத்தில்லாத ஓசைகளைத் தானே பாடமாக்கி, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தன்னையே சோதித்து 1885ஆம் ஆண்டு எழுதி வைத்திருக்கிறார். படித்த முதல் சில மணித்தியாலத்திலேயே பெரும்பங்கு போய்விடுகிறது, பிறகுதான் மறதி மெதுவாகிறது. இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் பார்த்தால் நிற்கிறது. ஒரு நாள் கண்ட சொல்லை மறுபடி காணாவிட்டால் அது போகத்தான் போகும், அதில் என் மூளையின் குற்றம் ஒன்றும் இல்லை என்று கேட்டபோது பெரிய ஆறுதலாக இருந்தது.

அவள்தான் எனக்கு ஒரு வழியும் காட்டினாள். செபஸ்தியான் லைட்னர் என்று ஜேர்மன் மொழியில் எழுதிய பத்திரிகையாளர் ஒருவர், உங்கள் தொழில்காரர்தான், 1970களில் பரப்பிய முறை. என்னிடம் பொத்தான் போடும் பெட்டி ஒன்று இருக்கிறது, உள்ளே ஐந்து அறை. பொத்தான்களை ஜாம் போத்தலுக்கு மாற்றிவிட்டு அந்தப் பெட்டியைச் சொல்லுக்கென்று எடுத்தேன். அளவு வெட்டும் பிறவுன் பேப்பரில் மிஞ்சும் துண்டுகளில், ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், மறுபக்கம் தமிழும் ஒரு வசனமும். புதுச் சொல் முதலாம் அறையில் இருக்கும், அதை ஒவ்வொரு நாளும் எடுத்துப் பார்க்க வேண்டும். கருத்து நினைவுக்கு வந்தால் இரண்டாம் அறைக்குப் போகும், அதை மூன்று நாளைக்கு ஒருமுறை பார்த்தால் போதும். மூன்றாம் அறை கிழமைக்கு ஒருமுறை, நாலாம் அறை இரண்டு கிழமைக்கு, ஐந்தாம் அறை மாதத்துக்கு ஒருமுறை. எந்த அறையில் இருந்தாலும் மறந்துபோனால் அது திரும்பவும் முதலாம் அறைக்கு வந்துவிட வேண்டும். நாள் கணக்கு நானே எனக்கு வசதியாக வைத்துக்கொண்டது. பொபினில் நூல் சுற்றும் நேரம் கை சும்மாதானே இருக்கிறது, அந்த ஒரு நிமிடத்தில் நாலைந்து துண்டு பார்த்துவிடுவேன். ‘றிசீட்’ என்ற சொல் ஆறு தரம் முதலாம் அறைக்குத் திரும்பி வந்தது. இப்போது ஐந்தாம் அறையில் இருக்கிறது.

எங்கள் மட்டக்களப்புப் பக்கம் ‘மறுகா’ என்று ஒரு சொல் இருக்கிறது. ‘மறுகா வாறன்’, ‘மறுகா என்ன நடந்தது’ என்று நாள் முழுக்கச் சொல்வோம். பிறகு என்பதும் திரும்ப என்பதும் அதற்குள் அடங்கும். உங்கள் பகுதியில் இல்லாதது இந்த மறுகாதான். திங்கட்கிழமை வந்த சொல் திங்கட்கிழமையோடு போய்விடுகிறது. சனிக்கிழமைகளில் புதுச்சொல் வேண்டாம். அந்தக் கிழமை வந்த ஐந்து சொல்லையும் கருத்தில்லாமல் வெறுமனே போடுங்கள், வாசிப்பவர் யோசித்துப் பார்க்கட்டும். கருத்தை வேறொரு பக்க மூலையில் தலைகீழாக அச்சிடுங்கள், குறுக்கெழுத்துப் போட்டிக்கு விடை போடுவதுபோல. மாதக் கடைசியில் அந்த மாதத்துச் சொற்களில் பத்தைத் திரும்பவும் போடுங்கள். இதற்கு மேலதிகமாக ஒரு அங்குல இடமும் தேவைப்படாது.

பட்டியல் போட்டுப் படிக்காமலே நம் வாயில் வந்து குடியேறிய சொற்கள் எத்தனை என்று பாருங்கள். 1992இல் நான் தையல் பழகியது மட்டக்களப்பு டச்பாரில், ஒரு பறங்கி அன்ரியிடம். வீட்டுக்குள் தங்கள் ஆட்களோடு அவர் பறங்கிப் போர்த்துக்கேயம் கதைப்பார், எங்களோடு தமிழ், தையல் வேலைக்கு ஆங்கிலம். ‘ஹெம்’, ‘பிளீட்’, ‘டார்ட்’, ‘லைனிங்’ எல்லாம் அவர் சொல்லித்தான் அறிந்தேன், ஒன்றுகூட மறக்கவில்லை. துணியைக் கையில் பிடித்து மடித்துக் காட்டிக்கொண்டே சொன்னார், அதனால்தான். ஒருநாள் நான் பொத்தான் வேண்டும் என்று கேட்டபோது, “அது எங்கட சொல்லு புள்ள” என்று சிரித்தார். உண்மைதான். பொத்தான், லேஞ்சி, சப்பாத்து, அலுமாரி, கதிரை, பாண் எல்லாம் போர்த்துக்கேயரோடு வந்தவை. மட்டக்களப்புக் கோட்டையை 1638இல் அவர்களிடமிருந்து ஒல்லாந்தர் பிடித்தார்கள். ஒல்லாந்தர் விட்டுப்போன சொற்களில் கந்தோரும் கக்கூசும் இன்னும் எங்கள் வாயில் இருக்கின்றன. எங்கள் ஆட்களும் சும்மா வாங்கிக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணியும் இங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போயின. களுதாவளைத் தோட்டங்களில் கொடி ஏறி நிற்கும் வெற்றிலை போர்த்துக்கேயர் வாய்வழியாகப் போய் ஆங்கிலத்தில் ‘பீட்டல்’ ஆனது. இதை ஒருநாள் போட்டீர்களென்றால் எங்கள் ஊர்த் தோட்டக்காரர் எல்லாரும் அந்தச் சொல்லை நினைவில் வைத்திருப்பார்கள்.

வேறு விதமாக வந்த சொற்களும் உண்டு. என் அம்மம்மா கைநாட்டு வைப்பவர். ஆனால் ‘ரவுண்டப்’, ‘செக்பொயின்ட்’, ‘பாஸ்’, ‘காம்ப்’ எல்லாம் அவருக்குக் கருத்தோடு தெரியும். அந்தச் சொற்களை ஒருத்தரும் அவருக்குப் பாடமாகச் சொல்லிக் கொடுக்கவில்லை. 2004 மார்கழி 26ஆம் திகதி காலையில் கடல் வந்தபோது அதற்குப் பெயர் எங்களிடம் இல்லை. “கடல் வருது, ஓடுங்க” என்றுதான் கத்தினார்கள். பின்னேரம் பள்ளிக்கூட மண்டபத்தில் வானொலியைச் சுற்றி இருந்தபோது ‘சுனாமி’ என்று முதன்முதல் கேட்டேன். ஜப்பானிய மொழியில் ‘சு’ என்றால் துறைமுகம், ‘நாமி’ என்றால் அலை என்று பிறகு வாசித்து அறிந்தேன். எனக்குத் தையல் பழக்கிய அன்ரியின் வீடு இருந்த டச்பாரை அந்த அலைதான் அள்ளிக்கொண்டு போனது. அந்தச் சொல்லை நாங்கள் யாரும் எந்தக் கொப்பியிலும் எழுதிவைக்கவில்லை.

எழுத்தும் உச்சரிப்பும் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் ஆங்கிலச் சொல்லின் உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் போடுகிறீர்கள், அது நல்லது, எனக்கு அது இல்லாமல் ஏலாது. ஆனால் தமிழில் ஒரு ‘ப’ தானே இருக்கிறது. மாத்திரையும் ‘பில்’, கடையில் தரும் கணக்கும் ‘பில்’ என்று அச்சாகிறது. அப்படியான இடங்களில் ‘உதட்டை இறுக்கி, குரல் கொடுத்து’ என்றோ, ‘பாம்பில் வரும் கடைசி எழுத்துப்போல’ என்றோ ஒரு வரி குறிப்புப் போடலாம். பாம்பு என்று சொல்லிப் பாருங்கள், முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் ‘ப’ இனம்தான், ஓசை இரண்டும் வேறு. அதுபோல, கடனுக்கு ஆங்கிலத்தில் இருக்கும் ‘டெட்’ என்ற சொல்லுக்கு நடுவில் ஒரு ‘பி’ எழுத்து எழுதுவார்கள், வாயால் சொல்வதில்லை. பற்றுச்சீட்டுக்கான ‘றிசீட்’ என்ற சொல்லிலும் அப்படி ஒரு எழுத்து ஒளிந்திருக்கிறது. இலத்தீன் மூலத்தை நினைவுபடுத்தப் படித்தவர்கள் பிற்காலத்தில் உள்ளே செருகிய எழுத்துக்கள் அவை. உங்கள் பகுதியில் இரண்டையும் எழுத்துக் கூட்டி, சொல்லாத எழுத்தையும் சேர்த்தே போட்டிருந்தீர்கள். நான் ஒரு கந்தோரில் அப்படியே சொல்லிக் கேட்டபோது கரும்பீடத்துக்கு அந்தப் பக்கம் இருந்த பிள்ளை பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். அதற்குப் பிறகு ஒரு மாதம் போல நான் எந்தக் கந்தோரிலும் ஆங்கிலச் சொல் எதையும் வாயில் எடுக்கவில்லை. வயது போனபிறகு படிப்பவர்களுக்கு ஒரு சிரிப்புப் போதும், அதோடு விட்டுவிடுவார்கள். அதனால் இந்த விசயத்தில் கவனமாக இருங்கள் என்று தயவாகக் கேட்கிறேன்.

எங்கள் வாசிகசாலையில் ஒரு ஐயா, மரியாதைக்குரியவர், தமிழ்ப் பத்திரிகையில் ஆங்கிலம் எதற்கு என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயமும் இருக்கிறது. 1987ஆம் ஆண்டு பதின்மூன்றாம் திருத்தத்தின்படி தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. இப்போதெல்லாம் எந்தக் கந்தோருக்குப் போனாலும் முதலில் தமிழ்ப் படிவம் இருக்கிறதா என்றுதான் கேட்கிறேன், எல்லாரும் அப்படிக் கேட்க வேண்டும் என்பதும் என் எண்ணம். ஆனால் எங்கள் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகளை நினைத்துப் பாருங்கள் என்று ஐயாவிடம் சொன்னேன். இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம் எடுத்தவர் அவர். ஆங்கிலத்தில் கற்றதைக் கொண்டுவந்து 1930களில் சென்னையில் தமிழுக்குக் கலைச்சொல் ஆக்கும் வேலைக்கு முன்னின்றார், யாழ் நூலும் எழுதினார். இரண்டு மொழியிலும் கால் ஊன்றியதால்தான் அவரால் அது முடிந்தது. ஐயா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் நான் வாசிகசாலைக்குப் போனபோது அவர் உங்கள் எட்டாம் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தார்.

மற்றவர்கள் எந்தச் சொல்லில் தட்டுப்படுகிறார்கள் என்பதையும் கேட்டுப் போடலாமே. ‘இந்தக் கிழமை எந்தப் படிவத்தில், எந்த மருந்துப் போத்தலில், எந்தச் சொல் விளங்கவில்லை’ என்று வாசகர்களிடம் கேளுங்கள். தபாலட்டையில் எழுதி அனுப்புவார்கள். என் கடைக்கு வரும் பெண்களிடம் கேட்டே நான் சேர்த்தது நிறைய. சட்டை அளவு கொடுக்க வரும்போது தொலைபேசியைக் காட்டி, “அக்கா, இது என்ன சொல்லுது” என்பார்கள். ‘ஓவர்டியூ’, ‘பெண்டிங்’, ‘றிஜெக்டட்’, ‘வெலிடிட்டி’ எல்லாம் அப்படி வந்தவை. எனக்குத் தெரியாவிட்டால் பிறவுன் பேப்பரில் எழுதிவைத்து இரவு மகளிடம் கேட்பேன். அடுத்த நாள் அவர்களுக்கும் சொல்லி, ஒரு துண்டும் எழுதிக் கொடுத்துவிடுவேன். நாலைந்து பேர் வீட்டில் இப்போது என்னுடையதைப் போலப் பெட்டி வைத்திருக்கிறார்கள். ஒருத்தி முட்டை வாங்கும் தட்டில் வைத்திருக்கிறாள்.

இப்படிச் சேர்ந்த சொற்கள் இன்றைய திகதியில் 611. கருத்தும் வசனமும் எங்கே கண்டேன் என்பதும் எழுதித் தனிக் கொப்பியாக வைத்திருக்கிறேன். உங்கள் பகுதியை நடத்துகிறவர்களுக்கு உதவும் என்றால் பதிவுத் தபாலில் அனுப்பிவைக்கிறேன். முதலாம் பக்கத்து முதலாவது சொல் பிணையாள்தான், அதை எப்போதாவது ஒரு திங்கட்கிழமை போடுங்கள், அந்தச் சனிக்கிழமை மறுகாவும் போடுங்கள். பார்த்து முடிந்ததும் கொப்பியைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். மகள் தன் முதலாவது வகுப்புக்கு அதைத்தான் கொண்டு போகப்போகிறாளாம்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி,
தையல் கடைக்காரி, களுதாவளை.